ஜெயசீலன் சாரின் ஜெபம் நின்ற இடம்

ரியாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் பதில் ஸலாம் சொல்லிவிடு, பிறகு படி. கோபமாக இருக்கும்போதும் ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமைதான். அம்மா மேல் கோபம் என்பதற்காக அதில் விலக்கு கிடையாது.

ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி, பெருங்களத்தூரில் நண்பன் அறையில் தங்கியிருக்கிற மகனுக்குத் தாம்பரத்திலிருந்து கடிதம் எழுதுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, போன் செய்தால் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறாய். ரமலான் மாதத்தில், பட்டப்பகலில், பெற்ற தாயிடம் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற முஸ்லிம் பிள்ளை இந்த வட்டாரத்திலேயே நீதான். உன் மனசு உன் பேச்சில் இல்லை என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெருநாள் முடிந்த கையோடு உனக்கு நிக்காஹ். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் நீ மாப்பிள்ளைக் கோலத்தில் உட்காருவதை நான் பார்க்க விரும்பவில்லை. அதனால் நேற்று சர்ச் ஹாலில் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன்னிடம் வந்து சேர வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த பாதியிலிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் தெரியாத பாதி புரியும். கல்யாணத்துக்கு அப்புறம் நீயும் பர்வீனும் வாடகைக்குப் போக, கூடுவாஞ்சேரியில் அந்த ஃபிளாட்டை நமக்குப் பார்த்துச் சொன்னது எஸ்தர் அக்கா. ஃபிளாட்டின் சொந்தக்காரர் ஜெயசீலன் சார் அவளுடைய சர்ச்சில் கமிட்டி உறுப்பினர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர் என்று சொல்லித்தான் அனுப்பினாள். உனக்கு மறைமலை நகரில் வேலை, பர்வீனுக்குச் செங்கல்பட்டில் வேலை, இரண்டு பேருக்கும் ரயிலில் போய்வர இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று நாம் மூன்று பேரும் குதித்தோம். நீயும் பர்வீனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அவள் சமையலறையைப் போட்டோ எடுத்து, மிக்ஸியை எங்கே வைப்பது என்று எனக்கு அனுப்பிக் கேட்டாள். அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "தம்பி, முழுப் பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். "முகமது ரியாஸ் சார்" என்றாய். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, சொந்தக்காரங்க குடி வராங்க, இப்பதான் சொன்னாங்க" என்றார். நீ "பரவாயில்ல சார்" என்று சொல்லி வைத்தாய். அந்தப் "பரவாயில்ல சார்" எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய், ரியாஸ். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அவள் நேராக அவர்களுடைய பாஸ்டரிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறாள். சபையில் பாஸ்டரை அவர்கள் 'ஐயர்' என்பார்கள், எனக்கு அது வாயில் நிற்காததால் பாஸ்டர் என்றே எழுதுகிறேன். சின்ன வயசுக்காரர், இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு நோன்புக் காலம் உண்டு, லெந்து என்பார்கள். இந்த வருஷம் அவர்களுடையதும் நம்முடையதும் சேர்ந்தே தொடங்கியது. லெந்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலக் கூட்டம் நடக்கும். அதில் ஒரு வெள்ளிக்கிழமை, இஸ்லாம் என்றால் என்ன என்று சபைக்கு ஒரு முஸ்லிமே வந்து சொல்லட்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். அறிஞர் யாரையாவது கூப்பிடலாம் என்று கமிட்டி சொன்னதாம். "அறிஞர் பேசினா நம்ம ஆளுங்க கைதட்டிட்டுப் போயிடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது வந்து பேசட்டும்" என்றாராம் பாஸ்டர். எஸ்தர் அக்கா என் பேரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இதை உன்னிடம் சொன்ன அன்றுதான் நம் வீட்டில் அந்தச் சண்டை. "வூட்ட குடுக்க மாட்டாங்க, மேடைய மட்டும் குடுப்பாங்களா?" என்று கேட்டாய். கோபம் வந்தால் மட்டும் உனக்கு உன் அத்தாவின் பேச்சு வரும். "நாம என்ன பொருட்காட்சியில வச்ச சாமானாம்மா? நீ போய் நாங்க நல்லவங்கன்னு சர்டிபிகேட் வாங்கிக்கினு வருவியா?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சபையில் யாரையும், உன் மதம் என்ன, வந்து விளக்கு என்று இந்த ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. நாம்தான் பிறந்ததிலிருந்து விளக்கிக்கொண்டே இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் விளக்கினோம், ஆஸ்பத்திரியில் விளக்கினோம், ரயில் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு விளக்கினோம். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. பாஸ்டர் வீட்டுக்கு வந்து கேட்டபோது இதை அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தலையை ஆட்டினார்.

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்பாய். எஸ்தர் அக்காவுக்காகப் போனேன். நானும் அவளும் ஒரே வார்டில் எத்தனை வருஷம் வேலை பார்த்தோம் என்று உனக்குத் தெரியும். ரமலானில் எனக்கு மாலை ஷிஃப்ட் விழுந்தால், பாங்கு நேரத்துக்கு அவள் வந்து மருந்து டிராலியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். "போய் வாயில எதையாவது போடுடி, நான் பாத்துக்கறேன்" என்பாள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவளுடைய டூட்டியை நான் பார்ப்பேன். இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை. உன் அத்தா மவுத்தானதும் நான் இத்தா இருந்தேன் அல்லவா, வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல், அத்தனை நாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு நேராக நம் வீட்டுக்கு வருவாள். ஆறுதல் சொல்ல மாட்டாள். இத்தா என்றால் என்ன, எதற்கு என்று கேட்கவும் மாட்டாள். என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, வார்டில் யார் யாரோடு சண்டை என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் தலைகுனிந்து வந்து, "எங்க ஆளு ஒருத்தர் உம்புள்ளைக்கு இப்படிப் பண்ணிட்டாரே" என்று நம் கூடத்தில் அழுதபோது, நீ கேட்கிற கேள்வியை என்னால் அவளிடம் கேட்க முடியவில்லை.

போவதற்கு முன்னால் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன், நான் போய்ப் பேசலாமா என்று. ஜமாஅத்தில் ஒருவர் முகம் சுளித்தாராம், ஒரு பெண் போய் என்னத்தைப் பேசப் போகிறாள் என்று. ஹஜ்ரத், "தெரிஞ்சதைச் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லட்டும், அவங்களுக்குப் பிடிக்கணும்னு எதையும் குறைக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தையை நெஞ்சில் முடிந்துகொண்டுதான் போனேன்.

ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிக் கிழக்குத் தாம்பரம் இறங்குவதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. சர்ச் கேட்டில் வாட்ச்மேன், "இன்னாம்மா, நோம்பா கீற? வெயில்ல நிக்காத, ஹால்ல ஃபேன் ஓடிகினு கீது, போய் குந்து" என்றான். எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது. எஸ்தர் அக்கா உள்ளே அண்டா நிறைய நோன்புக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். கறி போடவில்லை. லெந்து காலத்தில் அவர்களில் நிறையப் பேர் கறி தொடுவதில்லை என்பதால், நம் நோன்புக் கஞ்சியை அவர்கள் நோன்புக்குத் தகுந்த மாதிரி காய்கறி போட்டுச் செய்திருந்தாள். "கறி இல்லாத கஞ்சிய கஞ்சின்னு ஒத்துப்பியா?" என்று கேட்டாள். ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் குடிப்பேன் என்றேன். ஆறு மணிக்குக் கூட்டத்தை முடித்து, முடிவு ஜெபம் ஆனதும், பாங்கு கேட்டவுடன் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறப்பது என்று ஏற்பாடு. முடிவு ஜெபம் யார் என்று நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். ஜெயசீலன் சார்.

எஸ்தர் அக்கா கண்ணாலேயே காட்டினாள். இரண்டாவது வரிசை ஓரத்தில், ஒல்லியாக, வெள்ளை அரைக்கைச் சட்டையில். நான் அவரைக் கொடூரமான முகத்தோடு கற்பனை செய்து வைத்திருந்தேன். நம் தெருமுனையில் பால் வாங்க வருகிற யார் மாதிரி வேண்டுமானாலும் இருந்தார். நான் யாருடைய அம்மா என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் மேடையில் ஏறியதிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மடியில் இருந்த வேதாகமத்தின் மேலட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன பேசினேன் என்று சொல்கிறேன். "நான் மேடைப் பேச்சாளி இல்லைங்க. உங்கள்ல பாதிப் பேருக்கு ஊசி போட்டவ" என்று ஆரம்பித்தேன், சிரித்தார்கள். ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் எல்லாம் சொன்னேன். இறைவன் ஒருவன், அவனுக்கு உருவம் கிடையாது, இடையில் ஆள் கிடையாது, என் தலை நேராக அவனுக்கு முன்னால் தரையில் படுகிறது என்றேன். பிறகு மர்யம் அலைஹிஸ்ஸலாமைப் பற்றிச் சொன்னேன். "உங்க மரியாள் பேர்ல எங்க வேதத்துல ஒரு அத்தியாயமே இருக்கு" என்றதும் முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஊரை விட்டுத் தள்ளிப் போய், துணைக்கு ஒரு பெண் இல்லாமல், வலி தாங்காமல் ஒரு பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னாலேயே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் புலம்புகிற இடத்தைச் சொன்னேன். காலடியில் நீரோடையும், மரத்தை உலுக்கினால் பழுத்த பழமும் கிடைத்ததைச் சொன்னேன். "பிரசவ வார்டுல நான் பாத்த எல்லாப் பொண்ணும் அதத்தான் சொல்லும், செத்துடறேன் சிஸ்டர்னு. அவங்களுக்கு முதல்ல தண்ணிதான் குடுப்போம். எங்க வேதத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் அது" என்றேன். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஹஜ்ரத் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. "ஈசா நபிய நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா இறைவனோட மகன்னு சொல்ல மாட்டோம். சிலுவையில உயிர் விட்டார்னும் நாங்க நம்பறதில்ல. இந்த இடத்துல உங்க வழி வேற, எங்க வழி வேற. இத மறைச்சுட்டுப் போனேன்னா, எஸ்தர் அக்கா காய்ச்சின கஞ்சியக் குடிக்க எனக்கு மூஞ்சி இருக்காது" என்றேன். பாஸ்டர் எழுந்து, "நன்றிம்மா. இத நேரா சொன்னதுக்கு நன்றி" என்றார். சர்டிபிகேட் வாங்கப் போனவள் அப்படிப் பேசியிருப்பாளா, நீயே சொல்.

கேள்விகளும் கேட்டார்கள். ஒரு பெண், நாலு கல்யாணம் பற்றி. "எங்க வீட்டுக்காரருக்கு என் ஒருத்தியச் சமாளிக்கறதே ஓவர்டைமா இருந்துச்சும்மா" என்றதும் ஒரே சிரிப்பு. அதற்கான நிபந்தனைகளையும் சொன்னேன். பர்தாவைப் பற்றி, தலாக்கைப் பற்றி. ஒன்றிரண்டுக்கு எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கடைசியாக ஒரு பெரியவர் எழுந்து, "உங்க மார்க்கத்துல மத்தவங்களக் கொல்லச் சொல்லியிருக்குன்னு வாட்ஸ்அப்ல வருதே, அது உண்மையா?" என்றார். உள்ளே சுருக்கென்றது, ரியாஸ். அவரை வார்டில் வைத்து நான் பார்த்திருக்கிறேன், இருமி இருமி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவர். "ஒரு உசிர அநியாயமா எடுத்தா எல்லா மனுஷனையும் கொன்ன பாவம்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் நீங்க வாட்ஸ்அப்பத்தானே நம்புவீங்க? நான் உங்களுக்கு ஊசி போட்டப்ப பயந்தீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஊசிக்குத்தான்மா பயந்தேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது போகவில்லை. பாஸ்டரிடம் நான் சொன்ன அலுப்பு அதுதான்.

கேள்விகளால் நேரம் நீண்டுவிட்டது. நன்றியுரை முடியும்போது வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. எஸ்தர் அக்கா என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து, பக்கத்தில் தண்ணீர் டம்ளரையும் வைத்தாள். "இப்போது ஜெயசீலன் ஐயா ஒரு சிறு ஜெபம் செய்து முடிப்பார்கள்" என்று பாஸ்டர் அறிவித்தார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். அவர்களுடைய சிறு ஜெபத்தின் நீளம் எனக்குத் தெரியாமல் போயிற்று. எழுதி வைத்துப் படிப்பதில்லை, மனசில் வருவதை வரவரச் சொல்லிக்கொண்டே போவார்கள். "எங்கள் அன்பின் பரலோகத் தகப்பனே" என்று ஆரம்பித்தார். நல்ல குரல். சபைக்காக ஜெபித்தார். வியாதியஸ்தர்களைப் பேர் பேராகச் சொன்னார். பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், நாட்டை ஆளுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், சபைக் கட்டட வேலை. அவர் ஏதோ ஒரு இடத்துக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி எனக்குப் பட்டது. அப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்டது.

பாங்கு சொன்னதும் தாமதிக்காமல் நோன்பு திறக்க வேண்டும், உனக்குத் தெரியும். பழம் கையில் இருக்கிறது. சுற்றி அத்தனை பேரும் கண்ணை மூடி இறைவனிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் மென்றுகொண்டிருப்பதா? அவர்கள் வழக்கம் எப்படியோ, அசைந்தால் தப்பாகுமோ என்னவோ. பாங்கு முடிந்தது, ஜெபம் முடியவில்லை. பார்த்தியா, கடைசியில உன் நோன்பையும் அவங்களுக்காக நிறுத்தி வச்சுட்டியே என்று நீ சொல்வது என் காதில் கேட்டது. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அந்த நேரத்தில்தான் அவர் ஜெபம் என்னிடம் வந்தது. "எங்கள் நடுவே வந்திருக்கிற இந்தச் சகோதரிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. இவர்கள் பிள்ளைகளை ஆசீர்வதியும். அவர்கள் போக்கையும் வரத்தையும் காத்தருளும். அவர்கள் வாசம்பண்ணும் வீட்டை" என்றார்.

அதோடு நின்றுவிட்டது. எஸ்தர் அக்கா பிறகு சொன்னாள், அந்த வரி எல்லார் ஜெபத்திலும் வரும், யோசிக்காமல் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும் என்று. அவர் வாயும் தானாகத்தான் அங்கே போயிருக்க வேண்டும். அவர்கள் வாசம்பண்ணும் வீட்டை ஆசீர்வதியும் என்று முடிக்க வேண்டிய மனிதருக்கு மேலே வார்த்தை வரவில்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. எல்லாரும் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவரும் திறந்தார். அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பழத்தைப் பார்த்தார்.

"பாங்கு சொல்லிட்டாங்களாம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"சொல்லிட்டாங்க சார்" என்றேன்.

"ஐயோ. திறங்கம்மா, நோன்ப திறங்க."

ஆமென் சொல்லாமலே இறங்கிப் போனார். பாஸ்டர்தான் அவசரமாக ஆமென் சொன்னார். நான் பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டேன். எல்லாரும் கண்ணைத் திறந்து என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் அக்கா மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

உள்ளறையில் தொழுதுவிட்டு வந்து வராந்தாவில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். கையில் டம்ளர், கஞ்சி குறையவே இல்லை. "உங்க பையன்கிட்ட சொந்தக்காரங்க வராங்கன்னு சொன்னேன்மா" என்றார். தெரியும் சார், ஸ்பீக்கரில் கேட்டேன் என்றேன். "யாரும் வரல." அதுவும் தெரியும் சார் என்றேன். "எனக்கு மனசுல ஒன்னும் இல்லம்மா. மத்த ஃபிளாட்காரங்க ஏதாவது சொல்லிடுவாங்களோன்னுதான்" என்று இழுத்தார்.

"அவங்களக் கேட்டீங்களா சார்?"

"என்னம்மா?"

"மத்த ஃபிளாட்காரங்களக் கேட்டீங்களா, வேணாம்னு சொன்னாங்களான்னு கேக்கறேன்."

டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "கேக்கல" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். வெளிப்படையாக வெறுத்திருந்தால்கூட அவரைத் திட்டிவிட்டு வந்திருப்பேன். யாரும் சொல்லாத ஒரு வார்த்தைக்குப் பயந்து என் பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கு. தம்பிய நாளைக்கே வரச் சொல்லுங்க. இல்லன்னா சாவிய நீங்களே இப்பவே வாங்கிக்குங்க" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் கை நீளப் பார்த்தது, ரியாஸ். பர்வீன் அந்தச் சமையலறையில் நிற்பது கண் முன்னால் வந்துபோனது. நீ பட்டது போதும், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன்.

வாங்கவில்லை. "நீங்க பொய் சொன்னது என்கிட்ட இல்ல சார், அவன்கிட்ட. அவனுக்கே போன் பண்ணுங்க. சொந்தக்காரங்க யாரும் வரலன்னு சொல்லுங்க. எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னும் சொல்லுங்க. வீட்டப் பத்தி அப்புறம் பேசுங்க" என்றேன். "எடுப்பாராம்மா?" என்று கேட்டார். தெரியாது, கோபக்காரன் என்றேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லி வச்சீங்கன்னா" என்றார். சொல்ல மாட்டேன் சார் என்றேன். சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம் இன்றைக்கே உன் கைக்கு வர வேண்டும் என்று எஸ்தர் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் உன் அறை வாசலில் நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. அவள் மேல் உனக்கு ஒரு கோபமும் இருக்கக் கூடாது.

இன்னொன்று. அந்த வீடு உனக்கே பிடிக்கவில்லை என்று பர்வீனிடம் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் கேட்டாள், வெளிச்சம் நன்றாகத்தானே இருந்தது அத்தை என்று. உன் அத்தாவும் இப்படித்தான். எங்கேயோ குண்டு வெடித்தது என்று டிவியில் ஓடிய சமயம், ரயில்வே ஷெட்டில் கூட வேலை பார்த்தவர்கள் சில நாள் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காலி டிபன் பாக்ஸை என்னிடம் கொடுத்து "எல்லாருக்கும் உன் புளிச்சோறு புடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களை எப்போதோ மன்னித்துவிட்டேன், அந்தப் பொய்யைத்தான் இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை. என்னை வருத்தக் கூடாது என்று நினைத்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். பர்வீனுக்கு அதைச் செய்யாதே. நடந்ததை அவளிடம் சொல். அவமானம் பட்டது நீ, தப்புச் செய்தது நீ இல்லை.

ஜெயசீலன் சார் நாளைக்குக் கூப்பிட்டால் எடு என்று நான் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. எடுத்துத் திட்டினாலும் திட்டு, வீட்டை வேண்டாம் என்றாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், வேறு பார்ப்போம். நான் கிளம்பும்போது பாஸ்டர் கேட் வரைக்கும் வந்து, "எங்க சபைக்காக நீங்க மன்னிச்சிடணும்மா" என்று கையைக் கூப்பினார். நல்ல பிள்ளை, பாவமாக இருந்தது. ஆனாலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. "என்னை யாரும் வேணாம்னு சொல்லலையே பாஸ்டர், நான் எப்படி மன்னிக்கறது?" என்றேன். மேடையில் நம் மார்க்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன். அந்த மன்னிப்பை மட்டும் அங்கே கொடுக்கவில்லை, ரியாஸ். அது உன்னுடையது.

உன் அம்மா